சென்னையில் கண்ட சிறுகோள்கள்: ஒளி மறைத்ததைச் சூடு சொன்னது

ஜார்ஜ்டவுன் – பாடாங் கோத்தா லாமா கடலோரத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் காற்று வாங்க வருபவர்கள், அலைத்தடுப்புச் சுவரில் உட்கார்ந்ததும் ஒன்றைக் கவனிக்கலாம். சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். காற்றும் குளிர்ந்திருக்கும். சுவர் மட்டும் இன்னும் கதகதப்பாக இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது இருட்டில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்கு மட்டும் தெரிகிற அந்த ஒளிக்குத்தான் அகச்சிவப்புக் கதிர் என்று பெயர்.

பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களும் அந்தச் சுவரைப் போலத்தான். வெயில் காய்கின்றன, பிறகு அந்தச் சூட்டை வெளிவிடுகின்றன. ஒரு சிறுகோள் எவ்வளவு பெரியது, எந்தக் கல்லால் ஆனது, அதன் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், அதற்குப் பெரும்பங்கு காரணம் இந்த அகச்சிவப்புக் கதிர்தான்.

இது ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடும் விஷயமல்ல. 2025 பிப்ரவரியில் நம்மில் பலருடைய புலனக் குழுக்களில் ‘2024 ஒய்ஆர்4’ என்ற பெயர் சுற்றியது நினைவிருக்கலாம். 2024 டிசம்பர் 27-ஆம் தேதி சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த சிறுகோள் அது. 2032 டிசம்பர் 22-ஆம் தேதி அது பூமியில் மோத 3.1 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகப் பிப்ரவரி 18-ஆம் தேதி நாசா கணித்தது. விழக்கூடும் என்று சொல்லப்பட்ட பாதை பசிபிக் பெருங்கடலின் கிழக்கே தொடங்கி, ஆப்பிரிக்காவைக் கடந்து, தெற்காசியா வரை நீண்டது. ஊரில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு அது வெறும் வானியல் செய்தியாக இருந்திருக்காது.

அடுத்த சில நாள்களில் கூடுதல் அளவீடுகள் வந்தன. பூமிக்கு ஆபத்தில்லை என்று அந்த மாதம் முடிவதற்குள்ளேயே தெளிவானது. குழுக்களில் பரவிய எச்சரிக்கைகள் பரவிய வேகத்தில் இந்தச் செய்தி பரவவில்லை என்பது வேறு கதை.

ஆனால் ஒரு கேள்வி அப்போதும் மிச்சமிருந்தது. அந்தக் கல் எவ்வளவு பெரியது? 40 மீட்டர் முதல் 90 மீட்டர் வரை என்றுதான் சொல்ல முடிந்தது. இரண்டு மடங்குக்குச் சற்று கூடுதல்தானே என்று தோன்றும். அப்படியல்ல. குறுக்களவு இரண்டு மடங்கானால் உருண்டையின் கன அளவு எட்டு மடங்காகும். 40 மீட்டர் கல்லைவிட 90 மீட்டர் கல்லில் 11 மடங்குக்கும் அதிகமான பாறை இருக்கும். மோதினால் வெளிப்படும் ஆற்றலும் அதே கணக்கில் ஏறும். 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்காப் பகுதியில் வானிலேயே வெடித்த ஒரு விண்கல், சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்தது. தீவும் செபெராங் பிறையும் சேர்ந்த பினாங்கு மாநிலத்தைப்போல் அது இரண்டு மடங்கு பரப்பு. அந்தக் கல் 50, 60 மீட்டர் அளவில் இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. ஆக, 40-ஆ 90-ஆ என்பது ஓர் ஊரைக் காலி செய்வதா, ஒரு மாநிலத்தையே காலி செய்வதா என்ற கேள்வி.

2025 மார்ச் 26-ஆம் தேதி ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அந்தக் கல்லை அகச்சிவப்பில் பார்த்தது. சுமார் 60 மீட்டர் என்று விடை வந்தது.

கருங்கல்லும் வெண்கல்லும்

சாதாரணத் தொலைநோக்கியால் ஏன் அதைச் சொல்ல முடியவில்லை?

மிகப்பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலான சிறுகோள்கள் வெறும் புள்ளிகள்தான். அந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை மட்டும் அளக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தொலைவில் ஒரு சின்ன வெள்ளைப் பீங்கான் தட்டையும், கரிபிடித்த பெரிய குவாலியையும் வெயிலில் வைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் வரலாம். வெளிச்சத்தை மட்டும் வைத்து எது பெரியது என்று சொல்ல முடியாது.

சிறுகோள்களிலும் இப்படி இரண்டு வகை உண்டு. வெளிர்நிறப் பாறையாலானவை தம்மீது விழும் வெயிலில் 20, 25 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். கரிமம் நிறைந்தவை 4, 5 விழுக்காட்டை மட்டுமே அனுப்பும். அடுப்புக்கரியைப் போல அவ்வளவு கறுப்பு.

திரும்பாத மீதி வெயில் எங்கே போகிறது? கல்லைச் சூடாக்குகிறது. கணக்கைப் பாருங்கள். கறுப்புக் கல் 96 விழுக்காட்டைச் சூடாக்கிக்கொள்கிறது. வெளிர் கல் 75 விழுக்காட்டை. திருப்பி அனுப்பும் ஒளியில் இரண்டுக்கும் ஆறு மடங்கு வித்தியாசம் இருந்தது; சூட்டில் அந்த வித்தியாசம் கால்பங்குதான். அதனால் ஒரு சிறுகோளிலிருந்து வரும் சூட்டை அளந்தால், அது கறுப்போ வெளுப்போ, எவ்வளவு பெரியது என்பதை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். அளவு தெரிந்த பிறகு, ஒளியோடு ஒப்பிட்டு அதன் நிறத்தையும் சொல்லலாம். இரண்டு கேள்விகள், இரண்டு அளவீடுகள். ஒளியை மட்டும் வைத்திருந்த காலத்தில் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே அளவீடுதான் இருந்தது.

இந்தக் கதையில் ஓர் அழகான தற்செயல் உண்டு. அகச்சிவப்புக் கதிரைக் கண்டவரும், சிறுகோள்களுக்கு ஆங்கிலப் பெயரைப் புழக்கத்தில் விட்டவரும் ஒரே ஆள். வில்லியம் ஹெர்ஷெல் 1800-இல் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்தபோது சூடு இன்னும் ஏறியது. அடுத்த ஆண்டின் முதல் நாள், 1801 ஜனவரி 1-ஆம் தேதி, இத்தாலியில் பியாசி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டார். 1802-இல் ஹெர்ஷெல் இவ்வகைப் பொருள்களை ‘விண்மீன் போன்றவை’ என்று பொருள்படும் சொல்லால் ‘ஆஸ்டிராய்டு’ என அழைத்தார்.

தொலைநோக்கியில் தெரிந்த தோற்றத்துக்கு அது சரியான பெயர், பொருளுக்குச் சரியல்ல. அவை விண்மீன்கள் அல்லவே. நாள்மீன், கோள்மீன் என்று சங்க இலக்கியமே பிரித்துப் பேசுகிறது. ‘கொள்’ என்பதிலிருந்து வந்த கோள், சூரியனின் ஒளியைக் கொள்வதால் கோள் என்று தமிழாசிரியர்கள் வகுப்பில் விளக்கம் சொல்வதுண்டு. அந்த விளக்கத்தை ஏற்றால், சிறுகோள் என்ற நம் சொல் இந்த இயற்பியலுக்கு இன்னும் நெருக்கமாக நிற்கிறது. கொண்ட ஒளியைச் சூடாகத் திருப்பித் தருவதுதானே இங்கே நடக்கிறது?

நுங்கம்பாக்கத்திலிருந்து ஐந்து

பினாங்குத் தமிழர்களில் பலரின் பாட்டன் பாட்டி சென்னைத் துறைமுகத்திலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி வந்தவர்கள். ரஜூலா கப்பலின் பெயர் இன்னும் பல வீடுகளில் பேச்சில் வரும். அந்தச் சென்னையில், நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அமைத்த வானாய்வகம் ஒன்று இருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண், இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

1861-இல் அந்த ஆய்வகத்தின் பொறுப்பை நார்மன் ராபர்ட் போக்சன் ஏற்றார். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுகோலை 1856-இல் முன்மொழிந்தவர் அவர். பொறுப்பேற்ற அதே ஆண்டு, ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு, அவர் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். தொடர்ந்து 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் காமில்லா, 1885-இல் வேரா. ஐந்தும் சென்னையில் கண்டவை. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பிரகாச அளவுகோலையே வகுத்தவருக்கு, தாம் கண்ட புள்ளிகளின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ள வழியில்லை. 1891-இல் சென்னையிலேயே அவர் காலமானார். விடை கிடைக்க, 1983-இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புத் துணைக்கோள் விண்ணுக்குப் போக வேண்டியிருந்தது. பத்து மாதங்களே இயங்கிய அது, சுமார் 2,000 சிறுகோள்களின் சூட்டை அளந்தது.

ஆசியா வெளிர்நிறக் கல். குறுக்களவு சுமார் 60 கிலோமீட்டர். ஜார்ஜ்டவுனிலிருந்து நேர்கோடு போட்டால் பாகான் செராயைத் தாண்டிச் சற்று தூரம். சில்வியாவோ கரி. ஆசியாவைப் போலவே அதுவும் வெளிர்நிறம் என்று எண்ணிக்கொண்டு பிரகாசத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 110 கிலோமீட்டர் வாக்கில் விடை வரும். உண்மை அளவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு நேர்கோட்டுத் தொலைவே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒளியைக் கொண்டு போட்ட கணக்கில் பாதிக்கும் மேற்பட்ட சில்வியா காணாமல் போயிருக்கும்!

சில்வியா இன்னும் ஒரு வியப்பை வைத்திருந்தது. 2001-இலும் 2004-இலும் அதைச் சுற்றும் இரண்டு குட்டி நிலவுகள் தெரிந்தன. காற்றின் நடுக்கத்தை ஈடுகட்டும் கருவியைப் பொருத்தி, அகச்சிவப்பில் எடுத்த படங்களில் தெரிந்தவை அவை. இரண்டு நிலவுகளோடு அறியப்பட்ட முதல் சிறுகோள், நுங்கம்பாக்கத்தில் கண்டெடுத்த அந்தப் புள்ளிதான்.

வராத பிள்ளை யார்?

அளவு ஒரு பக்கம். எதனால் ஆனது என்று எப்படித் தெரியும்?

வகுப்பாசிரியர் காலையில் பெயர் வாசிக்கும்போது, யார் குரல் வரவில்லை என்பதை வைத்து வராதவரைக் கண்டுபிடிக்கிறார். அதேபோல, சூரிய ஒளியில் எல்லா அலைநீளங்களும் வரிசையாக உண்டு. ஒரு பாறையில் பட்டுத் திரும்பும்போது, அந்தப் பாறையிலுள்ள கனிமம் தனக்கு உரிய அலைநீளத்தை விழுங்கிவிடும். திரும்பிய ஒளியில் எது குறைகிறது என்று பார்த்தால் கனிமத்தின் பெயர் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பாலான கற்கள் ஒரே சாம்பல் நிறம்தான். அவற்றின் கையெழுத்து அகச்சிவப்பில்தான் தெளிவாக இருக்கிறது.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண் சிவப்பைச் சுமார் 0.7 மைக்ரானோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்கு அப்பால் 1 மைக்ரானிலும் 2 மைக்ரானிலும் ஒளி குறைந்தால், ஆலிவின், பைராக்சீன் போன்ற எரிமலைப் பாறைக் கனிமங்கள் இருக்கின்றன என்று பொருள். 3 மைக்ரானை ஒட்டிக் குறைந்தால் அங்கே நீர் சம்பந்தப்பட்டிருக்கிறது: களிமண் கனிமத்தில் கட்டுண்ட நீராகவோ, பனிக்கட்டியாகவோ. போக்சன் கண்ட காமில்லாவில் இந்த 3 மைக்ரான் குறைவு தெரிகிறது. அதன் வடிவம் மெல்லிய உறைபனியை ஒத்திருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கரிபோல் கறுத்த ஒரு கல்லின் மேல் பனித்துகள்!

இந்தக் கையெழுத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. இத்தோகாவா என்ற சிறுகோளை பூமியிலிருந்தே அகச்சிவப்பில் ஆராய்ந்து, இது நம் பூமியில் அதிகம் விழும் சாதாரண விண்கற்களின் வகை என்று 2001-இல் சொன்னார்கள். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005-இல் அங்கே போய், 2010-இல் துகள்களைக் கொண்டுவந்தது. கையில் எடுத்துப் பார்த்தபோது அதே வகைதான்.

விஷ்ணு ரெட்டியை இந்தத் துறையில் குறிப்பிடாமல் போக முடியாது. இந்தியாவில் செய்தியாளராக இருந்து, பின்னர் வானியலுக்குப் போய், இப்போது அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் சிறுகோள் ஆய்வாளராக இருப்பவர். காமோஓஅலேவா என்ற சின்னஞ்சிறு கல் பூமியை விட்டு விலகாமல் கூடவே சூரியனைச் சுற்றி வருகிறது. அதன் ஒளியை அகச்சிவப்பு வரை பிரித்துப் பார்த்த அவருடைய குழு, அது நிலவுப் பாறையைப் போல இருக்கிறது என்று 2021-இல் அறிவித்தது. ஏதோ ஒரு பெரிய மோதலில் நிலவிலிருந்து தெறித்த துண்டாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அதைச் சோதிக்க 2025 மே மாதம் சீனா தியான்வென்-2 விண்கலத்தை அனுப்பியிருக்கிறது.

ஏமாந்த இடம்

சூடு எப்போதும் உண்மையை மட்டும் சொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. பென்னு என்ற சிறுகோள் அதற்குப் பாடம்.

மீண்டும் கடற்கரைக்கு வருவோம். பத்து ஃபெரிங்கியில் பகலில் காலைச் சுட்ட மணல், பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும். பக்கத்துப் பாறையோ வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். சிறுகோள்களும் தம்மைத் தாமே சுற்றுகின்றன. அவற்றுக்கும் பகல் இரவு உண்டு. பகலில் ஏறிய சூடு இரவில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அகச்சிவப்பில் அளந்தால், மேற்பரப்பு மணலா பாறையா என்று சொல்லலாம்.

சுமார் 490 மீட்டர் குறுக்களவுள்ள பென்னுவைத் தொலைவிலிருந்து அப்படி அளந்தபோது, சூடு சீக்கிரம் இறங்கியது. ஆகவே பொடிக்கல்லும் மணலும் நிறைந்த பரப்பு என்று முடிவு செய்தார்கள். 50 மீட்டர் அகலமுள்ள வெட்டவெளி கிடைக்கும், அதில் இறங்கி மண்ணெடுக்கலாம் என்று ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தை நாசா வடிவமைத்தது. 2018 டிசம்பரில் போய்ப் பார்த்தால் எங்கும் பாறை. வீடு அளவுக் கற்கள்.

அளவீட்டில் பிழை இல்லை. அதற்குச் சொன்ன பொருளில்தான் பிழை. அந்தப் பாறைகள் அம்மிக்கல்லைப் போல இறுகியவை அல்ல. நுண்ணிய துளைகளும் விரிசல்களும் நிறைந்தவை. அதனால் பாறையாக இருந்தும் மணலைப் போலச் சூட்டை விட்டுவிட்டன. ஜப்பானின் ஹயபுசா-2 போன ரியூகு சிறுகோளிலும் இதே கதைதான்.

கடைசியில் 16 மீட்டர் அகலமே உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 2020 அக்டோபர் 20-ஆம் தேதி கலத்தின் கை தரையைத் தொட்டது. உறுதியான தரையை எதிர்பார்த்த கை, சுமார் அரை மீட்டர் உள்ளே புதைந்தது. எடுத்த மண் 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்திறங்கியது: 121.6 கிராம். உயிர்களின் புரதத்தில் காணப்படும் 20 அமினோ அமிலங்களில் 14 அந்த மண்ணில் இருப்பதாக 2025 ஜனவரியில் ஆய்வு முடிவு வெளியானது.

பினாங்கில் ஏன் முடியாது?

நம் மாநிலத்திலும் வானாய்வகம் இருக்கிறது. பாலேக் பூலாவ் பக்கம் பந்தாய் ஆச்சேயில் உள்ள ஷேக் தாஹிர் வானியல் மையம், பிறை பார்க்கும் பணிக்குப் பெயர்பெற்றது. ஆனால் சிறுகோளின் சூட்டை அங்கிருந்து அளப்பது நடக்காத காரியம். சட்டையை நனைக்கும் நம் ஊர்ப் புழுக்கமே முதல் தடை. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பினாங்கு மலை உச்சியே 833 மீட்டர்தான். ஹவாயில் மௌனா கியாவில் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி நிற்பது 4,200 மீட்டர் உயரத்தில். இந்தியா, லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் வறண்ட குளிர்காற்றில் இமாலய சந்திரா தொலைநோக்கியை நிறுத்தியிருக்கிறது. அதை இயக்குபவர்கள் பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தில் 1988-இல் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இராமானுஜன் என்று அதற்குப் பெயர். கண்டுபிடிப்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளி போதும், காவலூரும் போதும். சூட்டை அளக்க மேகத்துக்கு மேலே போக வேண்டும்.

இன்னொரு தடை, தொலைநோக்கியின் சொந்தச் சூடு. நம் உடம்பு, சுவர், கண்ணாடி, காற்று எல்லாமே 10 மைக்ரானை ஒட்டி ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. நட்டநடுப் பகலில் மின்மினியைத் தேடுவதுபோல் அது. அதனால்தான் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு டென்னிஸ் திடல் அளவில் நிழற்குடை விரித்து, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உறைகுளிரில் வைத்திருக்கிறார்கள். சிறுகோள்களைத் தேடுவதற்கென்றே நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியை நாசா கட்டிவருகிறது. 2027 செப்டம்பருக்குப் பிறகு அதை ஏவுவது திட்டம். கறுப்பாக இருப்பதாலேயே இதுவரை கண்ணில் படாத கற்கள் அதன் முதல் இலக்கு.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் விருந்தாளியின் பெயர் அப்போஃபிஸ். 2013-இல் அகச்சிவப்பில் அதை அளந்தபோது, 270 மீட்டர் என்று நம்பியிருந்த கல் 325 மீட்டர் என்றானது. அளந்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயரும் ஹெர்ஷெல்தான். இப்போதைய மதிப்பீடு சுமார் 340 மீட்டர். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அது பூமியில் மோதாது என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மிக நெருக்கமாக, தரையிலிருந்து 32,000 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், தொலைக்காட்சித் துணைக்கோள்களுக்கும் கீழே கடந்து போகும். மலேசிய நேரப்படி 2029 ஏப்ரல் 14-ஆம் தேதி அதிகாலை 5.46 மணி. சித்திரைப் புத்தாண்டு விடியல். அந்தக் கணத்தில் அது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே இருக்கும் என்பதால் இங்கிருந்து காண முடியாது. பென்னுவில் மண்ணெடுத்த அதே விண்கலம், அதே அகச்சிவப்புக் கருவிகளோடு, புதுப்பெயரில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.